மரமும் கல்லும்: வன்னிக் காட்டு மரத்தொழிலும் வடபுலச் சுண்ணக்கல் நிலமும்

வன்னியின் வரலாறு பெரும்பாலும் மூன்று பொருள்களைச் சுற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. வன்னியர் எனப்பட்ட குறுநிலத் தலைவர்கள் ஒன்று, குளங்கள் மற்றொன்று, இருபதாம் நூற்றாண்டின் குடியேற்றத் திட்டங்கள் இன்னொன்று. இம்மூன்றும் வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியன என்பதில் ஐயமில்லை. ஆயின் இத்தலைவர்கள் தோன்றி மறைந்த காலத்திலும், குளங்கள் உடைந்து மீளக் கட்டப்பட்ட காலத்திலும் வன்னியிலிருந்து ஓயாது வெளியே சென்றுகொண்டிருந்த பொருள் ஒன்று உண்டு. அது மரம். எத்தனை மரம் சென்றது, யார் விற்றார், யார் வாங்கினார் என்பனவற்றை ஆட்சியாளரின் ஏடுகள் ஓரளவு கூறும். அம்மரம் எத்தகைய நிலத்தில் வேரூன்றி நின்றது, அதனை வெட்டி இழுத்தபோது அந்நிலத்துக்கும் நிலத்தடி நீருக்கும் நேர்ந்தது யாது என்னும் வினாவை அவ்வேடுகள் எழுப்பவில்லை. எழுப்பாமைக்குரிய காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு அக்கராயன் ஏற்றதொரு நிலைக்களன். கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, அக்கராயன் குளத்தைச் சார்ந்து அமைந்த இவ்வூர், அப்பெயருடைய குறுநில மன்னன் ஒருவனின் பெயரைத் தாங்கி நிற்பதாக ஊர்வழக்கு கூறும். அவ்வழக்கின் உண்மை எவ்வாறாயினும், நில அமைப்பைப் பொறுத்தவரை இவ்வூர் ஓர் எல்லைக்கு அண்மையில் உள்ளது. தெற்கேயும் தென்கிழக்கேயும் இலங்கையின் பெரும்பகுதியைத் தாங்கும் தொன்மையான பளிங்குருப் பாறை. வடக்கேயும் மேற்கேயும், பூநகரி, முழங்காவில், மன்னார் எனத் தொடர்ந்து புத்தளம் வரை செல்லும் கரையோரப் பகுதியிலும் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதிலும் மயோசீன் காலச் சுண்ணக்கல். இலங்கை அரசாங்கத்தின் கனிப்பொருளியலாளராக விளங்கிய வேலன்ற் என்பார், டேவிஸ் என்பாருடன் இணைந்து 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இச்சுண்ணக்கற் படையைக் காலவரையறை செய்து காட்டிற்று.

இவ்விரு பாறைகளின் வேறுபாடே வடபுலத்தின் வேளாண்மையை இரண்டாக வகுத்தது எனலாம். பளிங்குருப் பாறை நீரை எளிதில் உட்கொள்ளாது. ஆதலின் அதன் மேல் அணை எழுப்பினால் நீர் தேங்கும்; குளமும் வயலும் தோன்றும். சுண்ணக்கல்லோ நீரை விழுங்கும். அதன் மேல் பெருங்குளம் கட்டுவது ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதை ஒக்கும். அங்கு கிணறும் துலாவும் தோட்டமும் தோன்றின. வன்னியான் குளத்தை நம்பினான், யாழ்ப்பாணத்தான் கிணற்றை நம்பினான் என்று கூறுவதுண்டு. இதனை மனித இயல்பின் வேறுபாடாகக் காட்டுவோர் உளர். உண்மையில் அது கல்லின் வேறுபாடே. அக்கராயன் குளத்தின் அணைக்கட்டில் நின்று மேற்கே நோக்கினால், குளத்தின் ஆட்சி முடிந்து கிணற்றின் ஆட்சி தொடங்கும் நிலம் நெடுந்தொலைவில் இல்லை. அவ்விடைநிலத்தை மூடிநிற்பது காடு.

சுண்ணக்கல் நிலத்தின் இயல்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக விழுகின்றது. மண்ணிலே வேர்களும் அழுகும் இலைகளும் வெளிவிடும் வாயுவால் அவ்வமிலம் மேலும் வலுப்பெறுகின்றது. அது கல்லின் வெடிப்புகளில் இறங்கிக் கல்லைக் கரைத்து, வெடிப்பைக் குழாயாகவும் குழாயைக் குகையாகவும் அகலச் செய்கின்றது. குகையின் கூரை இடிந்துவிழும் இடத்தில் மேற்பரப்பிலே பள்ளம் தோன்றும். இவ்வாறு அமைந்த நிலத்தோற்றத்தைப் புவியியலாளர் கார்ஸ்ட் என்பர். அங்கே ஆறுகள் மேற்பரப்பில் ஓடுவதில்லை, அடியில் ஓடுகின்றன. மணலில் ஊறும் நீர் வடிக்கப்பட்டு இறங்குவது போல், கார்ஸ்ட் நிலத்தின் குழாய்களில் புகும் நீர் வடிக்கப்படுவதில்லை. மேலே விழுந்த அழுக்கு அவ்வாறே கீழே கிணற்றைச் சென்றடையும். மண்ணும் பெரும்பாலும் தடிப்புக் குறைந்தது. கல்லின் மீது படிந்த சில அடி மண்ணைப் பிடித்து நிற்பவை வேர்கள். மரத்தை வெட்டி, மண்ணைக் கிளறி, அடிமரங்களை இழுத்துச் செல்லும் தடங்களை உண்டாக்கினால், அடுத்த மாரியில் அம்மண் கடலுக்குச் செல்லவேண்டியதில்லை. அதே இடத்திலுள்ள வெடிப்புக்குள் இறங்கிவிடும். ஏனைய நிலங்களில் மண்ணரிப்பு பள்ளத்தாக்கிலே சேறாகத் தென்படும். இங்கோ அரிப்பு நிகழ்ந்ததே தெரியாது. மண் மட்டும் இல்லாது போகும்.

குடாநாட்டில் இதற்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு கூரை இடிந்த ஒரு குகையே. அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் எமேர்சன் ரெனன்ற் புத்தூர்க் கிணற்றைப் பற்றிச் சிறப்பாகக் குறிப்பிட்டுள்ளார். ஊரெழுப் பொக்கணையும் கீரிமலை ஊற்றும் இவ்வகையினவே. அடியில்லாக் கிணறு என்றும் இராமன் அம்பு எய்து தோண்டிய கேணி என்றும் மக்கள் கதை புனைந்ததில் வியப்பில்லை. வரலாற்று மாணவர் இக்கதைகளை ஒதுக்கிவிடுதல் தகாது. நிலத்தின் அடியில் வெறுமை உண்டு, அது நீரால் நிறைந்தது, அது கடலோடு தொடர்புடையது என்ற அறிவு இக்கதைகளில் அடங்கியுள்ளது. அவ்வறிவு பின்னாளில் கணக்காக்கப்பட்டது. நன்னீர் உவர்நீரைவிட இலேசானதாகையால் அதன்மேல் வில்லையாக மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பதை ஒல்லாந்தரான கைபனும் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே எடுத்துரைத்தனர். இதன் மறுபக்கம் அச்சந்தருவது. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி குறையும்.

இனி மரத்துக்கு வருவோம். குடாநாடு மக்கள் செறிந்த நிலம். அதன் பெருமரம் பனை. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் பனை வளைகளும் சலாகைகளும் கடல்கடந்தும் விற்கப்பட்டன. ஆயினும் கதவுக்கும் நிலைக்கும் தூணுக்கும் வண்டிச் சில்லுக்கும் பனை போதாது. முதிரை, பாலை, கருங்காலி, யாவரணை, சமண்டலை முதலியன வன்னியிலிருந்தே வந்தன. முதிரையும் கருங்காலியும் ஐரோப்பியச் சந்தைக்கும் சென்றன. குடாநாட்டின் பழைய நாற்சார் வீடுகளின் மரவேலைப்பாடுகளைப் புகழ்ந்து எழுதுவோர் அவை எக்காட்டில் நின்றன என்று வினாவுவதில்லை. கட்டடத்தின் மற்றைய பாதியாகிய சுண்ணாம்பும் மரத்தையே உண்டது. சுண்ணக்கல்லையும் முருகைக்கல்லையும் சூளையிலிட்டு நீற்றுவதற்கு விறகு வேண்டும். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் எழுப்பிய ஐங்கோணக் கோட்டை ஒன்றையே எண்ணிப் பார்ப்பின், அதன் சாந்துக்காக எரிந்த விறகின் அளவு ஒருவாறு புலப்படும். கல் மரத்தைத் தாங்கிற்று; மரம் எரிந்து கல்லைச் சுண்ணாம்பாக்கிற்று.

ஒல்லாந்தர் வன்னியிடம் முதன்மையாக எதிர்பார்த்தது யானையை. வன்னியர் திறையாகக் கொடுக்க வேண்டிய யானைகள் ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. யானை வேண்டுமாயின் காடு நிற்கவேண்டும். இந்நோக்கில் பார்ப்பின், திறைமுறையின் கொடுமை ஒருபுறமிருக்க, அது காட்டை அழிக்கத் தூண்டிய முறையன்று. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன் அவ்வாண்டிறுதியில் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டபின் வன்னி முற்றாக ஆங்கிலேயர் கைப்பட்டது. ஆங்கிலேயருக்கு வேண்டியது யானையன்று. நிலவரி, நெல், மரம் ஆகியவற்றின் வருமானம்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் அத்துமீறல் கட்டளைச்சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம் யாவும், மாறாக நிறுவப்படும் வரை, முடிக்குரியன என்று அச்சட்டம் ஊகித்தது. சேனை செய்த வன்னிக் குடியானவனிடம் உறுதி இல்லை. அவனுடைய பாட்டனிடமும் இல்லை. ஆகவே ஒரு சட்டத்தால் காடு முழுவதும் உரிமையாளரை மாற்றிக்கொண்டது. அதன் பின்னர் முடிக்குரிய நிலத்தில் அனுமதியின்றி மரம் தறிப்பதைத் தடுக்கும் ஏற்பாடுகள் தொடர்ந்தன. இச்சட்டங்கள் பேசியது மரத்தைப் பற்றியே. மரம் ஒரு சொத்து. வெட்டினால் விலை உண்டு. திருடினால் தண்டனை உண்டு. மரத்தின் கீழுள்ள நிலம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கின்றது, அதாவது நீரைத் தாங்கி வழங்கிக்கொண்டிருக்கின்றது என்ற எண்ணம் அவற்றில் இல்லை.

அவ்வெண்ணமே ஆங்கிலேயரிடம் இருக்கவில்லை என்று கூறின் அது தவறாகும். 1873ஆம் ஆண்டில் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் ஹூக்கர், மலைநாட்டில் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பதும் அழிப்பதும் நிறுத்தப்படவேண்டும் என்று இலங்கை அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தார். மழையும் ஆற்றுநீரும் மண்ணும் காட்டைச் சார்ந்தவை என்பதே அவரது வாதம். அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. கோப்பித் தோட்டங்கள் மலைச்சரிவுகளைத் துகிலுரிந்துகொண்டிருந்த காலத்தில் இது பெருந்துணிவான முடிபே. ஆயின் இவ்விதி எதனை அளவுகோலாகக் கொண்டது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். உயரமே அதன் அளவுகோல். மலையின் நீர் கண்ணுக்குத் தெரியும், அருவியாக விழும், ஆறாக ஓடும். கடல்மட்டத்திலிருந்து சில பத்தடி உயரமே உடைய வடபுலச் சுண்ணக்கல் நிலத்தின் நீர் கண்ணுக்குத் தெரியாது. ஐயாயிரம் அடி என்னும் கோட்டுக்குள் வன்னியின் ஒரு மரமேனும் அகப்படவில்லை. கண்ட நீருக்குக் காவல் கிடைத்தது, காணா நீருக்குக் கிடைக்கவில்லை. பிற்கால வரலாறு முழுவதும் இந்த வேறுபாட்டின் நிழலிலேயே நடந்தது என்பது என் துணிபு.

1882இல் வின்சன்ற் என்னும் இந்திய வனசேவை அதிகாரி இலங்கைக் காடுகளின் நிருவாகம் பற்றி அறிக்கை அளித்தார். அதனைத் தொடர்ந்து 1885ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச்சட்டம் பிறந்தது. வனத் திணைக்களமும் உருவாயிற்று. சேனைப் பயிர்ச்செய்கையைக் காட்டின் பகைவனாகக் காணும் நோக்கு இக்காலத்தில் வலுப்பெற்றது. இந்நோக்கில் ஓரளவு உண்மை உண்டு; ஓரளவு அநீதியும் உண்டு. சேனைக்காரன் நிலத்தைச் சுட்டு இரண்டொரு போகம் விதைத்துப் பின் பல ஆண்டுகள் தரிசு விட்டான். அடிவேர்கள் பெரும்பாலும் மண்ணிலேயே நின்றன. காடு மீளத் துளிர்த்தது. குத்தகைக்காரனோ காட்டினுள் புகுந்து மிகச் சிறந்த அடிமரங்களைத் தெரிந்து வீழ்த்தி, மாடுகளையும் யானைகளையும் பூட்டி இழுத்துச் சென்றான். விதை தரும் முதுமரங்கள் முதலில் மறைந்தன. முன்னவன் குற்றவாளியாகவும் பின்னவன் வருமானம் தருபவனாகவும் ஏட்டில் பதியப்பட்டமை, ஏட்டை எழுதியவர் யார் என்பதைக் காட்டுகின்றது. 1895இல் வெளிவந்த லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் அக்கால நிருவாகியின் கண்ணோட்டத்தை அறிவதற்கு இன்றும் இன்றியமையாத நூல். அதன் பயனை மறுக்காமலே அதன் நோக்கெல்லையையும் நாம் உணரவேண்டும்.

1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் முன்னையதை நீக்கி வந்தது. காடுகளையும், மரம் தறித்தலையும், அதனைக் கொண்டுசெல்லுதலையும் பற்றிய சட்டத்தைத் தொகுப்பதும் திருத்துவதுமே தன் நோக்கம் என்று அது தன் தலைப்பிலேயே கூறிற்று. தறித்தல், கொண்டுசெல்லுதல் என்னும் இரு சொற்களும் சட்டத்தின் உள்ளத்தைத் திறந்து காட்டுவன. பலமுறை திருத்தப்பட்டு, 2009ஆம் ஆண்டில் பெருந்திருத்தம் பெற்று, இன்றும் நாட்டின் அடிப்படைக் காட்டுச் சட்டமாக நிலவுவது அதுவே. இதே காலப்பகுதியில் 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றது. 1902இல் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கப்பட்டது. பாதை காட்டின் நடுவே சென்றது. குளம் காட்டை வயலாக்கிற்று. வன்னியின் குடியேற்றத் திட்டங்கள் இவற்றைத் தொடர்ந்தன. வயல் வேண்டாம் என்று வரலாற்று மாணவர் எவரும் கூறார். குளத்து நிலத்தில் காடு வயலாவது வேறு, சுண்ணக்கல் நிலத்தில் காடு வெறுந்தரையாவது வேறு என்று பகுத்தறியும் விதி ஒன்றேனும் எழுதப்படவில்லை என்பதே நாம் சுட்டவேண்டியது. 1968இல் அரச மரக்கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. வெட்டிய இடங்கள் பலவற்றில் தேக்கு நடப்பட்டது. 1990ஆம் ஆண்டளவில் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பது நாடெங்கும் நிறுத்தி வைக்கப்பட்டது.

பிறநாடுகளில் இதே வினா எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்று நோக்குவது பயனுடையது. கார்ஸ்ட் என்னும் சொல்லே ஓர் ஊர்ப்பெயர். இத்தாலியின் திரியெஸ்தே நகருக்கும் சுலோவேனியாவுக்கும் இடையே கிடக்கும் கிராஸ் என்னும் மேட்டுநிலத்தின் ஜேர்மன் வழக்கு அது. ஒருகாலத்தில் ஓக்குக் காடு மூடியிருந்த அம்மேட்டுநிலம் கோடரியாலும் ஆட்டு மந்தைகளாலும் மொட்டையாகிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெறுங்கல்லாகக் கிடந்தது. வெனிசு நகரத்தார் கப்பல் கட்டுவதற்காக அக்காட்டை வெட்டிச் சென்றனர் என்ற கதை அங்கு வழங்குகின்றது. ஒரே ஒரு குற்றவாளியைத் தேடும் மனப்பான்மை நமக்கு மட்டும் உரியதன்று போலும்! கப்பலுக்குத் திருகுவிசிறி அமைத்தவராக அறியப்படும் யோசெப் றெசல் ஒரு வன அதிகாரி. அவர் அப்பகுதியில் மீளக் காடாக்கும் திட்டங்களை வகுத்தார். 1859இல் கொல்லர் என்பார் பாசொவீசா என்னும் ஊருக்கருகில் கறுப்புப் பைன் மரக்கன்றுகளை நட்டு வெற்றி கண்டார். 1881இல் திரியெஸ்தேப் பகுதிக்கெனக் கார்ஸ்ட் நிலத்தை மீளக் காடாக்கும் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நம் நாட்டில் 1885ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு நான்காண்டுகள் முன்னர், ஒரு பேரரசு பாறையின் பெயரைச் சொல்லிச் சட்டம் செய்தது என்பது சிந்திக்கத்தக்கது. பல பத்தாண்டு உழைப்பால் கிராஸ் மீண்டும் பசுமையாயிற்று. ஆயினும் இழந்த மண்ணும் ஓக்கும் அவ்வாறே மீளவில்லை, வந்தது பைன். பைன் எளிதில் தீப்பற்றும். 2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அங்கு பரவிய தீ மூவாயிரம் எக்டேயருக்கு மேல் எரித்தது. தேக்கு நட்டுவிட்டால் காடு மீண்டுவிட்டதாகக் கணக்கெழுதும் நம்மவர்க்கு இச்செய்தி பயன்படலாம்.

அலாஸ்காவின் தென்கிழக்குத் தீவுகளில் வேறொரு பாடம் உண்டு. அங்கே சுண்ணக்கல்லின் மேலேயே மிகப் பெரிய மரங்கள் வளர்ந்தன, நீர் தேங்காது வடியும் நிலம் அவற்றுக்கு உகந்ததாதலின். ஆகவே ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் பின் அம்மரங்களே முதலில் வெட்டப்பட்டன. குகை ஆராய்வோர் நிலத்தடியில் புகுந்து, வெட்டிய இடங்களின் மண்ணும் கழிவும் குகைகளுக்குள் கிடப்பதைக் காட்டிய பின்னரே அரசு விழித்தது. 1988இல் அமெரிக்கக் கூட்டாட்சிக் குகைவளப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1997இல் தொங்காஸ் தேசிய வனத்துக்கான திட்டத்தில், மரத்தைக் குறியிடுமுன் பாறையை ஆராய்ந்து, ஊறுபடும் தன்மைக்கேற்ப நிலத்தை வகுத்து, மிகையாக ஊறுபடக்கூடிய இடங்களில் தறித்தலை விலக்கும் முறை புகுத்தப்பட்டது. கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாகாணம் 2003இல் இதற்கெனக் கைந்நூல் வெளியிட்டது. இவற்றின் சாரம் எளியது: உறிஞ்சு பள்ளங்களைச் சுற்றி மரவேலி விடுதல், வெட்டிய கொம்பும் கழிவும் பள்ளத்தில் தள்ளாமை, பாதையை மேட்டில் அமைத்தல், நீரில் சாயம் கலந்து அது எங்கே வெளிப்படுகின்றது என்று பார்த்தல். இவற்றுள் இறுதியானது தவிர்ந்த ஏனையவற்றுக்குப் பெரும் பொருட்செலவும் வேண்டியதில்லை.

நம் வரலாற்றிலோ இவ்விடத்தில் போர் வந்தது. 1983இன் பின் ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் வன்னிக் காட்டுக்கும் குடாநாட்டுப் பனைக்கும் நேர்ந்தவை இருவேறு முகங்களை உடையன. ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளும் சீமெந்தும் இன்றி மக்கள் விறகையே நாடினர். பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகளும் காட்டுமரங்களும் வீழ்ந்தன. வவுனியாவுக்கு வடக்கே புகையிரதப் பாதையே பெயர்க்கப்பட்டு, அதன் சிலீப்பர் கட்டைகள் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. மறுபுறம், கண்ணிவெடி விதைக்கப்பட்ட காட்டினுள் கோடரியும் செல்லவில்லை. காஞ்சிபுரத்துப் பட்டு போலப் போற்றிய காடன்று, அஞ்சிய காடு. 2008இன் பிற்பகுதியில் அக்கராயன் போர்க்களமாயிற்று. ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மீண்டு வந்தவர்களுக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு மரம் வேண்டும், பாதைக்குக் கிரவல் வேண்டும். இத்தேவையின் நியாயத்தை மறுப்பவர் மனச்சான்றற்றவர். அத்தேவையைக் காட்டி இலாபம் தேடுவோர் வேறு இனத்தவர். அவர்களுடைய உழவு இயந்திரங்களும் பாரவூர்திகளும் இரவிலே ஓடுவன.

போருக்குப் பின் வனத்திணைக்களம் வன்னியில் பரந்த நிலங்களை ஒதுக்குக் காடுகளாக வர்த்தமானியில் அறிவித்தது. போரினால் கைவிடப்பட்ட வயலும் மேட்டுநிலமும் இளங்காடாகிக் கிடந்தமையால், தம் காணி காடாக எழுதப்பட்டது என்ற முறைப்பாடு பல ஊர்களிலிருந்து எழுந்தது. 1840இல் உறுதியற்றவன் இழந்தான். இப்பொழுது உறுதியை இடம்பெயர்வில் தொலைத்தவன் இழக்கின்றான். காட்டைக் காப்பதா, குடியானவனைக் காப்பதா என்று இவ்வினா பொதுவாக எழுப்பப்படுகின்றது. எக்காடு, எந்தப் பாறையின் மேலுள்ள காடு என்று எழுப்பப்படுவதில்லை. பளிங்குருப் பாறையின் மேலுள்ள இளம்பற்றையை விட்டுக்கொடுத்துச் சுண்ணக்கல்லின் மேலுள்ள முதுகாட்டை இறுகப் பிடிக்கும் ஓர் அறிவார்ந்த உடன்பாட்டுக்கு இடமுண்டு. வரைபடத்தில் யாவும் ஒரே பச்சையாகத் தீட்டப்பட்டிருக்கும்வரை அவ்வுடன்பாடு பிறவாது.

சுற்றாடற் சட்டமும் இக்குறையைத் தீர்க்கவில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான கட்டளை, ஐந்து எக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் மரம் எடுப்பதற்கும், ஓர் எக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயனுக்கு மாற்றுவதற்கும் முன்னாய்வு வேண்டும் என்கின்றது. நன்று. ஆயின் ஹூக்கர் காலத்தில் அடி அளவுகோலாக இருந்தது போல இங்கே எக்டேயர் அளவுகோலாக உள்ளது. நாலரை எக்டேயரின் நடுவே ஓர் உறிஞ்சு பள்ளம் இருப்பின், அதன் வழியே பல ஊர்களின் கிணறுகள் கெடலாம். பரப்பு சிறிது, பாதிப்பு பெரிது. இதனைச் சட்டம் அறியாது.

இது ஏட்டளவான கவலையன்று என்பதற்குக் குடாநாடே சான்று. காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பெருங்குழிகள் இன்றும் உள்ளன. சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் நிலத்தில் இறங்கி அயற் கிணறுகளில் வெளிப்பட்ட செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் நாடறிந்தது. உரமும் மலக்குழியும் நீரில் நைத்திரேற்றை ஏற்றியுள்ளன. குடாநாட்டுக் கிணறு தளரவே கண் வன்னிக் குளத்தின் மீது சென்றது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுடன் 2010இல் முன்னெடுக்கப்பட்டபோது, கிளிநொச்சி விவசாயிகள் தம் வயல்கள் வறளும் என எதிர்த்தனர். இறுதியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. மரம் கேட்டுச் சென்ற குடாநாடு பின்னர் நீர் கேட்டுச் சென்றது; கிடையாதவிடத்துக் கடலிடம் சென்றது. கல்லின் அடியில் இலவசமாக மிதந்த நீரை இழந்து, மின்சாரம் செலவிட்டு உப்பை நீக்கிப் பருகுகின்றோம்.

அக்கராயனுக்கு மேற்கே, பூநகரிப் பிரிவிலுள்ள பொன்னாவெளியில் இதே கதையின் புதிய இயல் 2023, 2024ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்டது. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழும் முயற்சியை ஊர்மக்கள் நூற்றுக்கணக்கான நாள்கள் தொடர்ந்து எதிர்த்தனர். கல்லைத் தோண்டினால் கடல்நீர் உட்புகுந்து நன்னீர் உவராகும் என்பது அவர்கள் கூறிய முதற்காரணம். கைபனையும் ஹேர்ஸ்பேர்க்கையும் அவர்கள் படித்திருக்க வேண்டியதில்லை. கிணற்றுவாளியில் ஊறும் நீரின் சுவை ஒரு மாரிக்கும் மறு கோடைக்கும் இடையே மாறுவதை நாவால் அறிந்தவர்கள் அவர்கள். அகழ்வு பற்றி எழுந்த இக்குரல் மரந்தறித்தல் பற்றியும் எழவேண்டும். காடு அகற்றப்பட்ட பின்னரே அகழ்வு வரும்; முதலாவது தடுக்கப்படின் இரண்டாவது எளிதில் வாராது.

இவ்விடயத்தில் பல்கலைக்கழக மாணவரும் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. அக்கராயனிலிருந்து முழங்காவில் வரையுள்ள காட்டிலும் காட்டோரத்திலும் உள்ள பள்ளங்கள், வற்றாத கேணிகள், மாரியில் நீரை விழுங்கும் இடங்கள் என்பவற்றை, அவ்வூர் முதியோர் வழங்கும் பெயர்களோடு பதிவு செய்தல். தமிழில் இதற்குரிய சொல்வளம் குறைந்ததன்று: மடு, கேணி, கூவல், பூவல், துரவு, பொக்கணை என நீளும். ஆயினும் பெயரை மட்டும் நம்பலாகாது. பொக்கணை என்னும் பெயர் முல்லைத்தீவுக் கரையிலும் உண்டு. 2009இல் உலகம் அப்பெயரைக் கேட்டது. அது மணற்கரை. ஆகவே ஊர்ப்பெயர்ச் சான்றைக் குழாய்க்கிணற்றுப் பதிவுகளோடும் மண்ணின் நிறத்தோடும், கோடையின் இறுதியில் அளந்த நீர்மட்டத்தோடும் ஒப்பிட்டே வரைபடத்தில் ஏற்றுதல் வேண்டும். வரலாற்று மாணவரும் புவியியல் மாணவரும் இணைந்து இரண்டு கோடைவிடுமுறைகளில் முடிக்கக்கூடிய வேலை இது. அவ்வரைபடம் கைவந்தபின் வனத்திணைக்களத்தின் ஒதுக்குக்காட்டு வரைபடத்தின் மீது அதனை வைத்துப் பார்க்கலாம்.